பிஸ்டன் பெட்டிக்குள் இருந்த தாள்

சேது, நீ இதைப் படிக்கும் நேரம் கப்பல் ஆற்றை விட்டுக் கடலுக்குள் போயிருக்கும். போனில் சிக்னல் செத்திருக்கும். போர்ட் பிளேர் போய்ச் சேர மூன்று நாளோ நான்கு நாளோ. அதுவரை என்னைக் கூப்பிட்டு, "விடு மா, பழைய கதை" என்று என் வாயை அடைக்க உன்னால் முடியாது. அதற்காகவே இந்த வழியைப் பிடித்தேன். நேரில் சொல்ல மூன்று முறை வாயைத் திறந்தேன். காளிகாட் மெட்ரோவில் ஒரு முறை, நீ பெட்டியைத் திறந்து வைத்துச் சட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தபோது ஒரு முறை, தோசைக்கல் முன்னால் ஒரு முறை. மூன்று முறையும் கடைசி நொடியில் வாய் தானாக வேறு பக்கம் திரும்பிவிட்டது. சார்ஜர் எடுத்தியா, வாந்தி மாத்திரை எடுத்தியா, அங்கே மழை எப்போது. நான் பயந்து நீ பார்த்ததில்லை. பார்த்துக்கொள், நான் பயந்தால் இப்படித்தான் இருக்கும்.

இந்த வங்காள ஊர்த் தமிழ்க்காரர்கள் வருடத்துக்கொரு முறை போடும் மலரில் இது வருகிறது. நீ கப்பலில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை எல்லார் கையிலும் இருக்கும். உன் பிரதியை முறுக்கு டப்பாவுக்கு அடியில் வைக்கிறேன். முதல் நாளே முறுக்கைத் தீர்த்துவிடுவாய், எனக்கு உன்னைத் தெரியும். தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்க உனக்கு ஒரு பக்கத்துக்குக் கால் மணி நேரம் ஆகும். ஆகட்டும், கப்பலில் வேறு என்ன வேலை? நம் வீட்டு விஷயத்தை ஏன் அச்சில் போட்டாய் என்று கோபம் வரும். காரணம் இருக்கிறது. இரண்டு பொங்கலுக்கு முன்னால் இதே ஆட்களின் விருந்தில், பந்தியில் உட்கார்ந்திருந்த என்னிடம் ஒரு மாமி கேட்டார், "உங்க பையன் இப்ப என்ன பண்றான்?" நான் சொன்னேன், "அவனா? ஒரு முழு இன்ஜினைத் தின்னுட்டு ஏப்பம் விட்டுட்டு இருக்கான்!" வரிசையே சிரித்தது. நீ இரண்டு இலை தள்ளி சாம்பார் வாளியோடு நின்றிருந்தாய். யாரோ ஒரு பெரியவர், "தம்பி, பாயசத்துல சாம்பார ஊத்துதியே!" என்றார். மறுபடியும் சிரிப்பு. நீ "சாரி அங்கிள்" என்று சொல்லி, குனிந்து அந்த இலையை எடுத்துக்கொண்டு போனாய். சிரித்தவர்கள் அத்தனை பேரும் இந்த மலரை வாங்குவார்கள். கூட்டத்தில் சொன்னதைக் கூட்டத்தில்தான் திருப்பி எடுக்க முடியும்.

அவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை சொல்லிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள். கிடர்பூரில் துறைமுக டாக் பக்கத்துச் சந்தில் எனக்கு ஒரு தகர ஷெட். படகு மோட்டார், ஜெனரேட்டர், கடற்கரையில் வாடகைக்கு ஓடும் வாட்டர் ஸ்கூட்டர், எது கெட்டாலும் பிரித்துப் பூட்டுவேன். சந்தில் எல்லாருக்கும் நான் மெக்கானிக் பௌதி, அதாவது மெக்கானிக் அண்ணி. என் கையில் பட்டயமும் கிடையாது, சான்றிதழும் கிடையாது. பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம் பாதியில் வெளியே வந்தவள். இருபது வயதில் கல்யாணம், இருபத்தொன்றில் நீ. உனக்கும் எனக்கும் நடுவே வயது அதிகமில்லை, அதனால் உன்னோடு அம்மாவாக இல்லாமல் போட்டிக்காரியாக நடந்துகொண்ட நாட்களும் உண்டு. பாலிடெக்னிக்கை விட்ட கதையை நீ முப்பது தடவை கேட்டிருப்பாய். ஒர்க்‌ஷாப் பரீட்சையில் ஒரு இரும்புத் துண்டை அரம் போட்டு, கண்ணாடி மாதிரி இழைத்து வைத்தேன். வாத்தியார் பூஜ்ஜியம் போட்டார். "கேள்வித்தாளைப் படிச்சியா?" என்றார். "வேலையப் பாருங்க சார், தாள என்ன பாக்கீங்க" என்று அரத்தை மேசையில் எறிந்துவிட்டு வந்தேன். நான் சொல்லச் சொல்ல நீ கை தட்டுவாய், ஆறு வயதிலிருந்து. அந்தக் கதையில் ஒரு இடத்தை நான் எப்போதும் விட்டுவிடுவேன். அது பின்னால் வரும்.

இப்போது பிஸ்டன். பாபுல்தாவைப் பற்றியும், அதாவது பாபுல் அண்ணனைப் பற்றியும், சொல்ல வேண்டும், மந்தார்மணி கடற்கரையில் அவருக்கு வாட்டர் ஸ்கூட்டர் தொழில். அவர் இன்ஜின்கள்தான் எனக்குக் குளிர்கால வேலையில் முக்கால்வாசி. நீ கல்லூரி விடுமுறையெல்லாம் அவரிடம் போய் ஓட்டுவாய். ஆட்களை ஏற்றிக்கொண்டு அலையைத் தாண்டிப் போய் ஒரு சுற்று சுற்றி வருவது. உனக்கு அது போதவில்லை. மூழ்குகிறவர்களை மெஷினில் போய்த் தூக்கி வரும் வேலை இருக்கிறது, அதற்குப் பயிற்சிக்கு உன் பெயரை அனுப்புவதாகப் பாபுல்தா சொல்லியிருக்கிறார் என்று வீட்டுக்கு வந்து குதித்தாய். அந்த டிசம்பரில் அவருடைய ஒரு மெஷின் மணலைக் குடித்து, இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர்க் குழாய் அடைத்து, பிஸ்டன் கீறிப்போய் வந்தது. இரண்டு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக். கீறலைப் போக்க சிலிண்டரைக் கொஞ்சம் பெரிதாகக் கடைய வேண்டும். கடைந்தால் அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போட வேண்டும். எந்தப் பிஸ்டன்? வழக்கமாகப் போடுவது உருக்கி அச்சில் ஊற்றியது, கேஸ்ட் என்போம். எனக்கு அன்று ஆசை வந்துவிட்டது. இதைவிட பலமானது ஒன்று உண்டு, ஃபோர்ஜ்டு, அழுத்தி அடித்துச் செய்தது, பந்தயத்தில் ஓடுவது. பலமானது இருக்கும்போது சாதாரணத்தை ஏன் போடணும்? என் மூளை அவ்வளவு வேகம். யாரிடமும் கேட்கவில்லை, வரவழைத்துவிட்டேன். பெட்டி வருமுன்பே கடைசல்காரரிடம் சிலிண்டரைக் கொடுத்து, பழகிய அளவைச் சொல்லிக் கடையவும் வைத்துவிட்டேன்.

பெட்டியைப் பிரித்தது நீ. உள்ளே பிஸ்டன் மேல் மடித்து ஒரு தாள் இருந்தது. உனக்கு நினைவிருக்கும், எனக்கு வார்த்தை வார்த்தையாக நினைவிருக்கிறது.

"மா, ஒரு பேப்பர் இருக்கு. ஏதோ கிளியரன்ஸ் போட்டிருக்கான்."

"தூரப் போடு."

"படிச்சுப் பாக்கட்டா?"

"ஏல, பேப்பர் படிச்சா இன்ஜின் ஓடுமா? உங்கப்பா இருக்காரு, பேப்பரோட குடும்பம் நடத்துதாரு. அவர்ட்ட கொடு, ஃப்ரேம் போட்டு மாட்டுவாரு."

நீ சிரித்தாய். தாள் குப்பை டின்னுக்குப் போனது. என் கை பிஸ்டனை எடுத்தது.

மெஷின் தெரியாதவர்களுக்கும் இது புரிய வேண்டும். பிஸ்டன் சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடுகிறது. சூடானால் வீங்கும். அந்த வீக்கத்துக்கு இடம் விட்டுத்தான் சிலிண்டரைக் கடைவோம், அந்த இடம்தான் கிளியரன்ஸ். கேஸ்ட் பிஸ்டன் குறைவாக வீங்கும், ஃபோர்ஜ்டு அதிகமாக வீங்கும். அதனால் அதற்கு அதிக இடம் வேண்டும். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால், நான் விட்டது எட்டு. அந்தப் பிஸ்டனைச் செய்தவன் கேட்டிருந்தது பதிமூன்று. நடுவே இருப்பது ஐந்து, ஒரு தலைமுடியைவிட மெல்லிசு. இதை வாழ்க்கைக்கு உவமையாக்கி உன் அப்பா ஒரு மணி நேரம் பேசுவார். எனக்கு உவமை வேண்டாம். அது பிஸ்டன், அதற்கு இடம் போதவில்லை, அவ்வளவுதான்.

மெஷின் கடற்கரைக்குப் போன இரண்டாம் நாள், கரியாஹாட்டில் புடவைக் கடை வைத்திருக்கும் ஒருவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நீ போனாய். அலையைத் தாண்டி வேகம் எடுத்ததும் இன்ஜின் ஒரே இழுப்பில் நின்றது. சீஸ். பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொண்டது. கரை தூரத்தில், மெஷின் மிதக்கிறது, அந்த மனிதர் பயத்தில் எழுந்து நிற்கப் பார்க்கிறார். மீன்பிடிப் படகு ஒன்று வந்து கயிறு போட்டு இழுத்து வந்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவர் கரையில் இறங்கி நின்று கத்திய கத்தலில் அன்றைக்கு வேறு யாரும் மெஷினில் ஏறவில்லை. இன்ஜினை டெம்போவில் போட்டுக்கொண்டு பாபுல்தாவும் அவருடைய ஆட்கள் மூன்று பேரும் ஷெட்டுக்கு வந்தார்கள். நீயும் பின்னாலேயே வந்தாய், ஈரச் சட்டையோடு. நான் பிரித்தேன். உருண்டைப் பிஸ்டனைச் சுற்றி நான்கு பக்கத்தில் நான்கு கீறல், நாலு மூலை என்போம். அந்த நான்கு கீறலுக்கு எங்கள் தொழிலில் ஒரு அர்த்தம் உண்டு. பிஸ்டன் சூடாகி வீங்கிவிட்டது, சிலிண்டர் கடல் தண்ணீரில் சில்லென்று இருந்தது. அதாவது ஓட்டினவன் இன்ஜினைச் சூடாக விடாமல் முறுக்கிவிட்டான். இன்னொரு அர்த்தமும் உண்டு, பூட்டினவள் இடம் விடவில்லை என்பது. முதல் அர்த்தம் என் வாய்க்கு அருகில் இருந்தது.

"பௌதி, என்ன ஆச்சு? முந்தாநாள்தானே போட்டீங்க?" பாபுல்தா வங்காள மொழியில் கேட்டார்.

நான் பிஸ்டனைத் தூக்கிக் காட்டினேன். "பாத்துக்கோங்க. நாலு மூலை. குளிர்ல கிளப்பின உடனே முறுக்கியிருக்கான்."

"மா, அஞ்சு நிமிஷம் ஓட விட்டுத்தான் எடுத்தேன்," என்றாய்.

"பொய் சொல்லாத. பிஸ்டன் பொய் சொல்லுமா?"

"மா, நெஜமா..."

"வாய மூடுல. இத்தன பேரு முன்னாடி என் வேலையவா குறை சொல்லுத?"

நீ வாயை மூடினாய். நான் சொன்ன ஒரு பேச்சை முழுசாகக் கேட்டது அன்றுதான். இரண்டு வருடம் திறக்கவில்லை. பாபுல்தா உன்னை இனி வரவேண்டாம் என்றார். பயிற்சிக்குப் போக வேண்டிய பெயர் போகவில்லை. அந்த மெஷினுக்கு வேறு பழைய இன்ஜினைத் தேடிப் பிடித்து மாட்டிக் கொடுத்தேன், அதில் வழக்கமான பிஸ்டன். நீ சால்ட் லேக்கில் ஒரு ஆபீஸில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாய். யாருடைய கிரெடிட் கார்டு எங்கே தொலைந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தாய். ஷெட் பக்கம் வருவது நின்றது. "கை அழுக்காயிடும் மா" என்பாய். வீட்டில் மிக்ஸி கெட்டால்கூட அப்பாவைத்தான் கூப்பிடுவாய், அவருக்கு ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்புவது என்றே தெரியாது என்று தெரிந்தும். நான் இதையெல்லாம் பார்த்தேன். பையனுக்குப் புத்தி வந்துவிட்டது, பொறுப்பாகிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். இதைவிட மோசமாக ஒரு அம்மா தன் பிள்ளையைப் பார்க்க முடியாது.

போன மாதம் போர்ட் பிளேர் வேலை வந்தது. கடலில் மெஷின் ஓட்டி ஆட்களைக் காப்பாற்றும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், நீ கேட்டதோ கரையில் நின்று லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடும் வேலை. "முன்னாடி எங்க ஓட்டினேன்னு கேட்பாங்க. யாரைச் சொல்றது?" என்று அப்பாவிடம் நீ சொன்னது அடுப்படியில் எனக்குக் கேட்டது. மறுநாள் உன் சான்றிதழ்களை ஜெராக்ஸ் எடுத்து வரச் சொல்லி ஃபைலைக் கொடுத்தாய். கடையில் ஒவ்வொன்றாக உருவினேன். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, நீச்சல் சான்றிதழ், அதற்குப் பின்னால் நான்காக மடித்த ஒரு சின்னத் தாள். கிரீஸ் கறை. பிரித்தால் ஆங்கிலத்தில் அளவுகள். ஒரு எண்ணைச் சுற்றிப் பென்சிலில் வட்டம். பின்பக்கம் உன் கையெழுத்து, வங்காள எழுத்தில் ஒரே வரி. "மா, எட்டு. தாள், பதிமூன்று."

ஜெராக்ஸ் கடைக்காரர், "தீதி, இதையும் எடுக்கணுமா?" என்று மூன்று முறை கேட்டிருக்கிறார்.

நேராக ஷெட்டுக்குப் போனேன். கவ்விப்போன அந்த இன்ஜினின் இரண்டாவது சிலிண்டரும் பிஸ்டனும் பெஞ்சுக்கு அடியில் சாக்கில் கிடந்தன. கவ்விக்கொள்ளாத பக்கம், அதனால் அளவு கெடவில்லை. மைக்ரோமீட்டரை வைத்துச் சிலிண்டரையும் பிஸ்டனையும் அளந்து கழித்தேன். துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். எட்டு. அதில் கீறல் இன்னும் ஆழமாகவில்லை, ஆனால் அதே நான்கு மூலையில் தேய்ந்த பளபளப்பு. இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் அதுவும் கவ்வியிருக்கும். நீ ஐந்து நிமிடம் ஓட விட்டிருந்தாலும், ஐம்பது நிமிடம் ஓட விட்டிருந்தாலும். ஆக, நான் சாப்பிடப் போன ஏதோ ஒரு நேரத்தில் நீ குப்பை டின்னைக் கிளறித் தாளை எடுத்திருக்கிறாய். இதே மைக்ரோமீட்டரைப் பிடித்து அளந்திருக்கிறாய், பத்தொன்பது வயதில், தனியாக. கணக்குச் சரியாக வந்த பிறகு மடித்து உள்ளே வைத்துக்கொண்டாய்.

அன்று ஷெட்டில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் அந்த இரும்புத் துண்டு நினைவுக்கு வந்தது. நான் எப்போதும் விட்டுவிடும் இடம் இதுதான், சேது. வாத்தியார் சும்மா பூஜ்ஜியம் போடவில்லை. அந்தத் துண்டு இரண்டு மில்லிமீட்டர் குட்டை. அவர் அளந்து காட்டினார். நானும் பார்த்தேன். கேள்வித்தாளில் அளவு மாற்றியிருந்தார்கள், நான் படிக்கவில்லை. அரத்தை எறிந்தது அதற்குப் பிறகுதான். வெட்கத்தில் எறிந்தேன். அதை வீரமாக்கி உனக்குச் சோறு ஊட்டியபோதெல்லாம் ஊட்டினேன். நீ கை தட்டினாய்.

உன் அப்பாவிடம்தான் முதலில் சொன்னேன். டாக்கில் சரக்கு கிளியரிங் வேலை பார்க்கிற மனிதர், ஒரு பில்லை மூன்று முறை படிக்காமல் கீழே வைக்க மாட்டார். நான் ஷெட்டில் நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அவன் ஏன் எங்கிட்டகூட சொல்லல?" என்றேன்.

"ஒங்கிட்ட சொல்ல வந்தான். நீ வாய மூடுன்ன."

"அதுக்கப்புறம் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ என்ன செஞ்சிருப்ப? பாபுல்ட்ட போய்ச் சொல்லியிருப்ப. அவன் இன்ஜின் தர்றத நிறுத்தியிருப்பான். ஷெட்ட மூடியிருப்ப. ஷெட்ட மூடிட்டு வீட்டுக்குள்ள நீ எப்படி இருப்பன்னு அவனுக்குத் தெரியாதா?"

"ஒங்களுக்குத் தெரியுமா? அவன் சொன்னானா?"

"அவன் ஒண்ணும் சொல்லல. எனக்கு வாசிக்கத் தெரியும்," என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் ஆத்திரம்.

அதே வாரம் பாபுல்தா அதே மாதிரி இன்னொரு மெஷினை அனுப்பினார். அதே நோய், ஒரு பிஸ்டன் முகம் கருகிக் கீறியிருந்தது. இந்த முறை நான் முதலில் தொட்டது பிஸ்டனை அல்ல, தண்ணீர்க் குழாயை. பாதிக் குழாய் மணல். அதைச் சுத்தம் செய்யாமல் தங்கப் பிஸ்டன் போட்டாலும் ஒரு வாரம்தான். பிறகு உதிரி பாகம் விற்கும் ரஃபீக் சாச்சாவிடம் போனேன். இருபது வருடமாக அவர் கடையில், இதைக் கொடு அதைக் கொடு என்று மட்டும்தான் பேசியிருக்கிறேன். இந்த முறை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எதைப் போடலாம்?" என்று கேட்டேன். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"உடம்பு சரியில்லையா, மகளே?"

"நல்லாத்தான் இருக்கேன். சொல்லுங்க."

"ஓட்டப் போறது யாரு? பந்தயம் விடறவனா, அரை மணி நேரத்துக்கு வாடகைக்கு ஏறுறவனா?"

"வாடகைக்கு."

"அப்போ பலசாலி எதுக்கு? ஏறுறவன் சூடாகட்டும்னு நிக்க மாட்டான். கேஸ்ட் போடு. கம்மியா வீங்கும், மன்னிக்கும். ஒண்ணு கெட்டிருந்தாலும் ரெண்டையும் மாத்து. முதல்ல பிஸ்டனை வாங்கு, அளந்து பாரு, அதுக்கப்புறம் அதுக்கேத்த மாதிரி கடை. இதெல்லாம் உனக்குத் தெரியாதா என்ன?"

எல்லாம் தெரியும். தெரிந்ததால்தான் கேட்காமல் இருந்தேன். இரண்டு கேஸ்ட் பிஸ்டன், கம்பெனிச் சரக்கு, வாங்கி வந்தேன். பெட்டியைப் பிரித்தேன். உள்ளே தாள். கண்ணாடி போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ் வரை படித்தேன், பின்பக்கமும் படித்தேன், அங்கே ஒன்றுமில்லை. ஒவ்வொரு பிஸ்டனையும் தனித்தனியாக அளந்து, எது எந்த சிலிண்டருக்கு என்று பெயின்ட்டில் குறித்து, கடைசல்காரரிடம் தாளையும் சேர்த்துக் கொடுத்தேன். அவரும் உடம்பு சரியில்லையா என்றார்.

இன்ஜினை எடுக்க பாபுல்தா ஷெட்டுக்கு வந்தபோது அவருடைய ஆட்களையும் உள்ளே கூப்பிட்டேன். அன்று யார் யார் நின்றார்களோ அவர்களில் இருவர் வந்திருந்தார்கள். பழைய சிலிண்டரையும் பிஸ்டனையும் பெஞ்சில் வைத்து அளந்து காட்டினேன், உன் தாளைப் பக்கத்தில் வைத்தேன். "சேது அஞ்சு நிமிஷம் ஓட விட்டான். தப்பு என்னோடது," என்றேன். பாபுல்தா அந்தத் தாளைத் திருப்பி உன் வரியைப் படித்தார்.

"ரெண்டு வருஷம், பௌதி," என்றார். "என் பீச்சுல யாராவது அவசரப்பட்டு முறுக்கினா, 'சேது பண்ணாதே'ன்னு திட்டுவோம். புதுசா வந்த பசங்களுக்கு சேதுன்னா யாருன்னே தெரியாது. அது ஒரு வார்த்தையாவே ஆயிடுச்சு. இப்ப நான் என்ன சொல்லித் திட்டுறது, பௌதி பண்ணாதேன்னா?"

"சொல்லுங்க."

"சொல்லத்தான் போறேன்."

ஷெட்டில் நின்ற மற்ற இரண்டு இன்ஜினையும் அன்றே டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அது நியாயம். நான் தடுக்கவில்லை. புதிதாகப் பூட்டியதை மட்டும் விட்டுவிட்டுப் போனார், "ஓட விட்டுக் காமிங்க, அப்புறம் பாக்கலாம்" என்று. மறுநாள் காலை தனியாக வந்தார். கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது. நீ போர்ட் பிளேர் போவதை நான் முந்தின நாளே சொல்லியிருந்தேன், உன்னை வேலைக்கு எடுத்த ஆளின் நம்பரைக் கேட்டார். அப்பா உனக்கு வந்த வேலைக் கடிதத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். பாபுல்தா ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். அவர் சொன்னதில் பாதி எனக்கே தெரியாதது. இன்ஜின் நின்றதும் அந்தப் புடவைக் கடைக்காரர் எழுந்து குதிக்கப் பார்த்தாராம். நீ திரும்பி உட்கார்ந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அண்ணா, என் அம்மாவுக்குப் பொங்கலுக்கு ஒரு புடவை வாங்கணும், எந்தக் கலர் எடுக்கலாம்?" என்று ஆரம்பித்தாயாம். படகு வரும்வரை அவர் காட்டன், சில்க், பார்டர் என்று பேசிக்கொண்டே இருந்தாராம். கரைக்கு வந்த பிறகுதான் பயம் நினைவுக்கு வந்து கத்தினாராம். "மெஷின் ஓட்ட யாருக்கும் கத்துக்கொடுத்துடலாம். நின்னுபோன மெஷின்ல ஒருத்தன உக்கார வைக்க இவனுக்குத் தெரியும்," என்றார் பாபுல்தா. அந்தப் பொங்கலுக்கு நீ வாங்கித் தந்த மாம்பழக் கலர் புடவையில்தான் பந்தியில் உட்கார்ந்து உன்னைப் பற்றிச் சிரித்தேன், சேது.

ஆகவே கேட்டுக்கொள். கப்பல் இறங்கிப் போனதும் லைஃப் ஜாக்கெட் கவுண்டருக்குப் போகாதே. உன்னிடம் ஒரு சாவி தருவார்கள். ஒரு மாதம் சோதனை, பின்னால் ஒரு மூத்த ஆள் உட்கார்ந்து வருவார், சரியில்லை என்றால் கரைதான் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்கு மேல் யாரும் எதுவும் வாக்குக் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. உன்னைக் கேட்காமல் இதைச் செய்தேன். கேட்டிருந்தால் ஷெட் போய்விடும் என்று தடுத்திருப்பாய். ஷெட் போகவில்லை. இளைத்திருக்கிறது. இரண்டு மீன்பிடிப் படகு மோட்டார் வந்திருக்கிறது. நான் பிழைத்துக்கொள்வேன், பிழைக்காவிட்டாலும் அது நீ சுமக்க வேண்டிய சுமை இல்லை. அறிவுரை என்று சொல்ல எனக்கு இருப்பது இவ்வளவுதான், யார் எவ்வளவு கத்தினாலும், அது நானே ஆனாலும், அளந்து பார்த்தது கையில் இருந்தால் அதை மடித்து உள்ளே வைக்காதே. மேசையில் வை. அந்தத் தாளை உன் ஃபைலிலேயே திருப்பி வைத்துவிட்டேன், நீச்சல் சான்றிதழுக்குப் பின்னால். உன் வரிக்குக் கீழே நானும் ஒரு வரி எழுதியிருக்கிறேன், "தாள் சரி, சேது சரி."

நேற்று அந்த இன்ஜினை ஷெட்டில் தண்ணீர்த் தொட்டியில் வைத்து முதல் முறை ஓட விட்டேன். மெதுவாக, முறுக்காமல், சிலிண்டர் மேல் கையை வைத்துக்கொண்டு, சூடு ஏறும்வரை நின்றேன். என் வாழ்க்கையில் எதற்கும் அப்படி நின்றதில்லை, டீ ஆறவும் நிற்காதவள். ஐந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரிந்தது. கடலில், குளிரில், பின்னால் ஆள் அவசரப்படுத்த, நீ அவ்வளவு நேரம் பொறுத்து நின்றிருக்கிறாய்.

சிக்னல் வந்ததும் கூப்பிடு. "பரவால்ல மா" என்று ஆரம்பித்தால் அங்கேயே கட் பண்ணிவிடுவேன், சொல்லிவிட்டேன். சாவி கொடுத்தார்களா என்று சொல். அவர்கள் மெஷினில் எந்தப் பிஸ்டன் என்று விசாரித்துச் சொல். பிறகு பாபுல்தாவின் இன்ஜினுக்கு நான் எவ்வளவு இடம் விட்டேன் என்று கேள். மனப்பாடமாகவே தெரியும். ஆனாலும் இரு என்று சொல்லி, கண்ணாடியைத் தேடி எடுத்து, தாளைப் பார்த்துப் படித்துச் சொல்கிறேன்.

அம்மா